கம்பைலரே விழுந்தால்

நாகர்கோவிலில் சி++ சொல்லிக்கொடுக்கிறேன். "சார், கோடு தப்பா?" என்று பையன்கள் வந்தால் எரர் வரியைப் படிக்கச் சொல்வேன். "இன்டர்னல் கம்பைலர் எரர்: செக்மென்டேஷன் ஃபால்ட்" என்றிருந்தால் விழுந்தது கம்பைலர்தான், அதாவது நம் கோடை மெஷின் கோடாக மாற்றும் ப்ரோக்ராம். கோடு தப்பாகவே இருக்கட்டும், கம்பைலர் திட்டலாம், சாகக்கூடாது. "கில்டு" என்றிருந்தால் பெரும்பாலும் மெமரி போதவில்லை; பில்டு செய்யும் மேக் (make) கமாண்டில் -ஜே8-ஐ -ஜே2 ஆக்கி, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்துப் பாருங்கள்.

குளச்சல் பையன் ஒருவனின் ப்ராஜெக்டில் 'கலம்' பேஸ் கிளாஸ், அதாவது மற்ற கிளாஸ்களுக்கு அடிப்படை. 'எஞ்சின்கலம்', 'வலைக்கலம்' இரண்டும் அதை விர்ச்சுவலாக எடுக்கின்றன. இரண்டும் சேர்ந்து 'விசைப்படகு'. விர்ச்சுவல் போட்டதால் 'கலம்' ஒரே பிரதி. அதன் கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனை) அழைக்கும் பொறுப்பு கடைசி கிளாஸான 'விசைப்படகு'க்கு. இதோடு டெம்ப்ளேட்டும் (பல டைப்புகளுக்கும் பொதுவாக எழுதும் கோடு) கலந்தால் கம்பைலருக்குத் தலைசுற்றும்.

இப்படி விழுந்தால் அதை ரிப்போர்ட் செய்யலாம். உங்கள் கம்பைலர் ஜிசிசி என்றால் -சேவ்-டெம்ப்ஸ் கொடுத்து .ஐஐ ஃபைலை எடுங்கள். ஹெடர் எல்லாம் உள்ளேயே இருக்கும், பெரிதாக இருக்கும். சிவைஸ் (C-Vise) என்ற டூலிடம் கொடுத்தால் சுருக்கித் தரும். சுருக்கிய பிறகும் பிரச்சினை இருக்கிறதா என்று அதற்குச் சொல்ல நாம் எழுதும் ஸ்கிரிப்டில்தான் கவனம் வேண்டும்: கம்பைல் தோற்றதா என்று மட்டும் பார்த்தால், ஒரு செமிகோலன் விட்டுப்போன குப்பைதான் மிஞ்சும். அதே கிராஷ் மெசேஜ் வருகிறதா என்று கிரெப் (grep) கமாண்டால் தேடுங்கள்.

சுருங்கியதை -ஓ0, -ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவுகள் இரண்டிலும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் ஓட்டிப் பார்த்து, வெர்ஷன் எண்ணோடு ஜிசிசியின் பிழைப் புகார் தளமான பக்ஸில்லாவில் போடுங்கள்.

அதுவரை வேலை நிற்க வேண்டாம் மக்கா. கன்ஸ்ட்ரக்டரை கிளாஸுக்கு வெளியே, .சிபிபி ஃபைலுக்கு மாற்றிப் பாருங்கள். சிலநேரம் அதுவே போதும். விர்ச்சுவலை மட்டும் சும்மா அழிக்காதீர்கள், 'கலம்' இரண்டாகிவிடும்.