வீட்டுக் கேமராப் பதிவுகளை நாஸ் கருவியில் சேமிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் சித்தப்பா வீட்டு வாசலில் நின்ற இருசக்கர வாகனத்தின் பேட்டரி களவு போனது, குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த அவர் பத்து நாள் கழித்துத் திரும்பியபோதுதான் தெரிந்தது. நான்கு கேமராக்களும் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் வீட்டு வலையமைப்பில் இணைந்து கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் கருவியில் ஆறு நாள் பதிவுகூட இல்லை. கைப்பேசியில் படம் ஓடுகிறது என்பதும், அந்தப் படம் நமக்குத் தேவைப்படும் நாள்வரை டிஸ்க்கில் இருக்கும் என்பதும் வேறு வேறு.

கணக்குப் போடாமல் டிஸ்க் வாங்குவதே முதல் தவறு. நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதியும் கேமரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிகாபைட் எடுத்துக்கொள்ளும். நான்கு கேமராக்களுக்கு அது 173 ஜிகாபைட். 30 நாளுக்கு 5.2 டெராபைட். சித்தப்பா வைத்திருந்ததோ 1 டெராபைட். காணொளியைச் சுருக்கும் எச்.264 முறையிலிருந்து அதைவிடப் புதிய எச்.265 முறைக்கு மாற்றினால் இடம் கணிசமாக மிச்சமாகும். அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் போதும் என்பார்கள்; பழைய வண்ணாரப்பேட்டை போல நள்ளிரவு வரை ஆள் நடமாட்டம் ஓயாத தெருக்களில் அந்த வழியில் மிச்சம் பெரிதாக இராது, தேவையான நொடிகள் விடுபடவும் கூடும். வாசல் கேமராவைத் தொடர்ந்து பதியவிடுவதே நல்லது. குடும்பப் புகைப்படங்களும் அதே நாஸில் இருந்தால், கேமராப் பதிவுக்கெனத் தனிப் பயனர் கணக்கும் இட வரம்பும் கட்டாயம் வேண்டும்.

கருவியை எங்கே வைக்கிறோம் என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வியாசர்பாடி, மணலி பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்த பிறகும், தரைத்தளத்தில் தொலைக்காட்சி மேசைக்கு அடியில் நாஸை வைப்பது வருந்தத்தக்கது. அங்கே இருந்தால் திருடனும் எளிதில் தூக்கிப் போவான். மேல்தளத்தில், காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில் வையுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வெளிக் கேமராவின் கேபிள் முனைகளை அரித்துவிடும் என்பதால், இணைப்புகளை நீர்புகா உறைக்குள் மூடுவது அவசியம்.

நாஸுக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு, கேமராக்களை வலையமைப்போடு இணைத்து மின்சாரமும் தரும் நெட்வொர்க் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். மின்தடை வந்தால் பதிவதற்கு எதுவும் வராது. யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கேபிளையும் நாஸுடன் இணைத்து, மின்கலம் தீருமுன் அது தானாக முறைப்படி நின்றுவிடும்படி அமைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சேதமடையலாம்.

வெளியூரிலிருந்து பார்க்கும் வசதிக்காக ரௌட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து நேரடியாக உள்ளே வரும் வழியை, திறந்துவிடுவது ஆபத்து. 2022இல் டெட்போல்ட் என்ற பணயநிரல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த கியூநாப் நாஸ் கருவிகளைப் பூட்டி, உரிமையாளர்களிடம் 0.03 பிட்காயின் கேட்டது. விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டுமே உள்ளே வாருங்கள். கேமராவின் தொடக்கக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

கடிகாரம் சிறிய விஷயம் போலத் தோன்றும். கேமரா ஒரு நேரத்தையும் நாஸ் ஒரு நேரத்தையும் காட்டினால், சம்பவம் எப்போது நடந்தது என்பதிலேயே கேள்வி எழும்; இரண்டையும் ஒரே என்டிபி நேர வழங்கியோடு இணையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது ஹாஷ் மதிப்புடன் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) கூடிய சான்றிதழைக் கோருகிறது. எனவே திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நின்றுவிடாமல், மூலக் கோப்பை மாற்றாமல் அன்றே தனியாகப் படியெடுத்து வைக்க வேண்டும்.

சித்தப்பா இப்போது 8 டெராபைட் டிஸ்க் போட்டிருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறன்று, 29 நாளுக்கு முந்தைய ஏதேனும் ஓர் இரவு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு கேமராக்களின் பதிவையும் ஓட்டிப் பார்க்கிறார்.