மேளத்துக்கு நடுவிலும் பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்க ஒரு வழி

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் கானாவோடு ராக்கையும் கலந்து வாசிக்கும் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள், மோட்டர்ஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் லெம்மி கில்மிஸ்டர் (1945–2015) கையாண்ட முறையை முயன்று பார்க்கலாம். ரிதம் கிட்டார் கலைஞராக இருந்த அவர், 1971இல் ஹாக்விண்ட் என்ற ராக் குழுவில் சேர்ந்தபோதுதான் பேஸுக்கு மாறினார். அதனாலேயே பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகடு), இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளாகவே வாசித்தார். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பேஸ் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, அதன் குமிழ்களில் பேஸ் (கீழ் ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) இரண்டையும் அடியோடு குறைத்து, மிட்டை (நடு ஒலி) முழுவதும் ஏற்றிவைப்பார்.

நாம் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். சட்டி மேளமும் டிரம்ஸும் கீழ்ச்சுருதியை நிறைத்துவிடுவதால், பேஸ் குமிழை ஏற்ற ஏற்ற ஓசை குழம்புமே தவிரத் தெளியாது. அதைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, மிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கார்டு பிடிக்கும்போது மெல்லிய டி, ஜி தந்திகளில், ஏழாம் ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) மேல், மூலச் சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் பிடியுங்கள். தடித்த இ தந்தியில் பிடித்தால் இரைச்சலே மிஞ்சும். இதற்கு ரிக்கன்பேக்கர் வேண்டியதில்லை, கையிலிருக்கும் பேஸும் சற்றுத் தடித்த பிக்கும் போதும்.