முதுகு வளைவு அறுவை சிகிச்சை: தோளைப் பார்க்காமல் கத்தியை எடுக்காதீர்கள்

பதின்பருவப் பிள்ளைகளின் முதுகுத்தண்டு வளைவை நிமிர்த்தப் பழகும் இளம் மருத்துவர்களுடன் அடிக்கடி நிற்கிறேன். நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். முள்ளெலும்பில் செலுத்தும் ஸ்க்ரூ திசை மாறுவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பெரிய வளைவை மட்டும் அளப்பது

14 வயதுப் பெண். வலப்புறம் வளைந்த மார்பு முதுகு, எக்ஸ்ரேயில் வளைவின் அளவைச் சொல்லும் காப் கோணம் 58 டிகிரி. ஐந்தாம் மார்பு முள்ளெலும்பிலிருந்து கீழே, வளைவை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பியைப் பூட்டினேன். எக்ஸ்ரேயில் தண்டு நேராக நின்றது. ஆறு வாரம் கழித்து வந்த அவளுடைய அம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. "இடது தோள் ஏறி நிற்கிறதே டாக்டர், சீருடை ஒரு பக்கம் இழுக்கிறது" என்றார்.

வலப்புற வளைவில் பொதுவாக வலது தோள்தான் உயர்ந்திருக்கும். இரண்டும் சமமாகவோ, இடது தோள் உயர்ந்தோ இருந்தால், கழுத்துக்குக் கீழே இடப்புறமாக இன்னொரு வளைவு விறைத்துக் கிடக்கிறதா என்று தேட வேண்டும். அதை விட்டுவிட்டுப் பெரிய வளைவை நிமிர்த்தினால் இடது தோள் மேலும் ஏறும். பக்கவாட்டில் வளையச் சொல்லி எடுத்த படத்திலும் மேல்வளைவு 25 டிகிரியோ அதற்கு மேலோ நின்றால், அதையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். முதுகு வளைவுகளைப் பிரித்துச் சொல்லும், 2001இல் வெளியான லென்கே வகைப்பாட்டில் இது இரண்டாம் வகை. கம்பி பெரும்பாலும் மேலே இரண்டாம் மார்பு முள்ளெலும்புவரை போக வேண்டியிருக்கும்.

அந்தப் பெண்ணின் கோப்பில் அப்படி வளைந்து எடுத்த படம் இருந்தது. மேல்வளைவு 31 டிகிரி. நான் அளக்கவே இல்லை. மீண்டும் திறந்து கம்பியை மேலே நீட்டலாம் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதனால்தான், ஒரே கோணத்தை அளந்துவிட்டுத் திட்டம் சொல்பவரைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மேசையில் குப்புறப் படுத்த பிள்ளையிடம் தோள் மட்டத்தை நம்பிப் பார்க்க முடியாது. முந்தைய நாளே நிற்கவைத்துப் பின்னாலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடப்புற மார்பு வளைவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்காதது

எடுத்தே ஆக வேண்டும். தண்டுவடத்துக்குள் நீர் கோத்த குழி இருக்கலாம்.

நரம்புக் கண்காணிப்பில் சமிக்ஞை சரிந்த பிறகும் தொடர்வது

அறுவையின்போது தண்டுவட நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சமிக்ஞை சரிந்தால், கையை நிறுத்துங்கள். இரத்த அழுத்தத்தை உயர்த்தச் சொல்லுங்கள். கடைசியாகச் செய்த திருத்தத்தைத் தளர்த்துங்கள்.

பக்கவாட்டுத் தோற்றத்தை மறப்பது

1960களில் பரவிய ஹாரிங்டன் கம்பி முதுகை இழுத்து நீட்டியது. கீழ்முதுகுவரை அது போனவர்களில் பலருக்கு இடுப்பின் இயல்பான உள்வளைவு தட்டையாகி, பின்னாளில் நிமிர்ந்து நிற்கவே சிரமமானது. கம்பியைப் பூட்டுவதற்கு முன் அதன் வளைவைப் பக்கத்திலிருந்தும் ஒரு முறை பாருங்கள்.