டிஸ்கே தெரியாத புது லேப்டாப்பில் விண்டோஸ் 11

தங்கையின் படிப்புக்காக விண்டோஸ் போடாத லேப்டாப் வாங்கினோம். விலை குறைவு என்பதுதான் காரணம். ஆன் செய்தால் ஃப்ரீடாஸ் என்ற எளிய இலவச இயங்குதளத்தின் கறுப்புத் திரை மட்டும் வந்தது.

வீட்டிலிருந்த பழைய கணினியில் நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 போட்டுக்கொண்டேன். (பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலிலேயே எடுத்து வையுங்கள்.) புது லேப்டாப் அதிலிருந்து பூட் ஆனது. ஆனால் எந்த டிஸ்கில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி!

உடனே எஸ்எஸ்டி (லேப்டாப்பின் உள்ளே இருக்கும் டிஸ்க்) பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் லேப்டாப்பின் அமைப்புத் திரையில்) அது தெரிகிறதா பாருங்கள். எனக்குத் தெரிந்தது. இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர் முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற அமைப்பின் வழியாக இணைகிறது. அதற்கான டிரைவர் (சாதனத்தோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள்) இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது.

பயாஸில் விஎம்டியை அணைப்பது ஒரு வழி. விண்டோஸை நிறுவும் முன்பே அதைச் செய்யுங்கள். பிறகு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். என் பயாஸில் அந்த வசதியே இல்லை. அதனால் விஎம்டிக்கான டிரைவரை, அதாவது லேப்டாப் மாடலுக்குரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை இறக்கினேன். இறங்கிய எக்ஸ்இ கோப்பை அப்படியே பென்டிரைவில் வைத்தால் பயனில்லை. அதற்குள் இருக்கும் கோப்புகளைப் பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் கோப்பு (டிரைவர் விவரம் உள்ள கோப்பு) இருக்கும் ஃபோல்டரைப் பென்டிரைவில் வைக்க வேண்டும். 'லோட் டிரைவர்' அழுத்தி அதைக் காட்டியதும் எஸ்எஸ்டி வந்துவிட்டது. எவ்வளவு நிம்மதி!

அப்புறம் வைஃபை வேலை செய்யவில்லை. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் வசதி) போட்டேன். மீதி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டே இறக்கிக்கொண்டது.