பத்தமடையில் பாய் வாங்கும் முன்

திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் அல்வா வாங்கியதும் திரும்பிவிடாமல், பத்தமடைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சேரன்மகாதேவி வழியில் பஸ் கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற கோரைப்பாய் நெய்யும் ஊர் அது. தறிகள் பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கின்றன. காலையில் போய், கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம், அப்போது வேண்டாம்.

முதலில் பாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். முரட்டுப் பாயில் கோரை தடித்திருக்கும். நயம் பாய்க்குத் தண்ணீரில் ஊறவைத்த கோரையை இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டிய நூலில், நெய்கிறார்கள். தடவினால் துணிபோல வழுக்கும், மடித்தாலும் முறியாது. நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த உழைப்பைக் கண்ணால் பார்த்த பிறகு அடிமாட்டு விலைக்குக் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை, நீங்களும் கேட்காதீர்கள். பிளாஸ்டிக் பாயும் கடைகளில் கலந்து கிடக்கும் என்பதால், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையை நகத்தால் கீறிப் பாருங்கள். கோரை என்றால் நார் நாராகப் பிரியும்.

திரும்பும் வழியில் கருப்பட்டி வாங்கினால், ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனி மணிபோல மினுமினுத்தால் வேறு கடை பாருங்கள்.

வீட்டில் பாயைச் சுருட்டியே வையுங்கள். ஈரம் பட்டால் நிழலில் உலர்த்துங்கள்.