ரென்னெட்டுக்கு உறையாத பால்

வீட்டில் சீஸ் செய்யத் தொடங்கிய முதல் மாதத்தில், பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட்டைச் சேர்த்து ஒரு மணி நேரம் காத்திருந்தும், மூன்று முறை பால் பாலாகவே நின்றது. எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிக்கும் பனீர் எனக்கு ஒருநாளும் தவறியதில்லை என்பதால், ரென்னெட் கெட்டிருக்கும் என்று எண்ணிப் புதிதாக வாங்கினேன், பயனில்லை.

பிழை என் பழக்கத்தில் இருந்தது. வாங்கிய பாலை உடனே பொங்கக் காய்ச்சிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவ்வாறு காய்ச்சும்போது பாலின் தெளிநீரில் உள்ள புரதம் உருமாறி, ரென்னெட் வெட்ட வேண்டிய கேசின் என்னும் மற்றொரு பால்புரதத்தின் துகள்களின்மேல் ஒட்டிக்கொள்கிறது. கரைந்துள்ள கால்சியமும் குறைகிறது. அமிலத்துக்கு இது தடையல்ல, ஆகவேதான் பனீர் மட்டும் திரண்டது. மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பாலும் இதே காரணத்தால் சரிவர உறையாது.

நான்காம் முறை, காய்ச்சாத பசும்பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் மட்டும் வைத்திருந்து, 32 டிகிரிக்கு ஆறவிட்டு, உணவுத் தரமுள்ள கால்சியம் குளோரைடு சிறிதளவு கலந்தேன். குழாய் நீரின் குளோரின் ரென்னெட்டின் வீரியத்தைக் குறைக்கும். அதனால் காய்ச்சி ஆறிய நீரில் ரென்னெட்டைக் கரைத்துச் சேர்த்தேன். பாத்திரத்தை அசைக்கவே இல்லை. 45 நிமிடம் கழித்துக் கத்தியை நுழைத்து மெல்லத் தூக்கியபோது, உறைந்த பால் கூரிய விளிம்போடு பிளந்தது. பிளவில் வெளிறிய பச்சைநிறத் தெளிநீர் ஊறியது. அந்தப் பிளவைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.