பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஹெட்லைட் மாற்றும் முன்

எம்ஜிபி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்கள், வெளிச்சம் மங்கல் என்றதும் 100 வாட்ஸ் பல்பு தேடிப் போகிறார்கள். வேண்டாம். இவற்றில் விளக்குக்கான கரண்ட் முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. நாள்பட்ட வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். விளக்கு எரியும்போதே பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பல்பின் மேல் தப்பில்லை.

லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறு கரண்டில் இயங்கி, பெரிய கரண்டை விடும் மின் சுவிட்ச்) போடுங்கள். அதன் முனைகளில் எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் 30ஆம் முனைக்கு; 87இலிருந்து பல்புக்கு. பழைய வயர் 86க்குப் போய் ரிலேயை இயக்கினால் போதும், 85 எர்த் (வண்டியின் உடல் உலோகத்துக்கு). சுவிட்சும் பிழைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் எர்த் முனை துருப்பிடிக்கும். சுரண்டிவிட்டு கிரீஸ் தடவுங்கள்.

அப்புறம், 7 அங்குல வட்ட எச்4 யூனிட் (ஒரே ஹாலஜன் பல்பில் ஹை, லோ இரண்டும் எரியும் வகை), 60/55 வாட்ஸ் பல்பு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஹெட்லைட் கண்ணாடி பெரும்பாலும் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. லோ பீமிலும் வலப்பக்கம் ஒளியைத் தூக்கும். கல்லணைக் கால்வாய்க் கரை ரோட்டில் எதிரே வரும் டூவீலர்காரர் கண் கூசித் தண்ணீரில்தான் இறங்குவார். இடப்பக்கப் போக்குவரத்துக்கானது என்று கேட்டே வாங்குங்கள். ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதும் இதே வம்புதான்.